மந்தைவெளிக் கோலங்களில் கருத்துக்கடன்: மறதியை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

மார்கழி மாதம் சென்னை மந்தைவெளி வாசல்களில் இடப்படும் கோலங்களில் எது யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. எடுத்தவர் எவரும் எடுத்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. கொடுத்தவர் அனைவரும் கொடுத்ததாகச் சாதிக்கிறார்கள். இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்ததில், படைப்பாற்றல் என்று கொண்டாடப்படுவது பெரும்பாலும் எதிர்வீட்டுக் கோலத்தைச் சரியாக ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாததன் விளைவே என்ற முடிவுக்கு ஆய்வாளர் வந்து சேர்ந்துள்ளார்.

1. ஆய்வின் தேவை

வடிவமைப்புப் படிக்கும் மாணவரைப் படிப்பு முடியும்வரை இரண்டு கேள்விகள் துரத்துகின்றன. வேலையைத் தொடங்கும்போது, "இதுக்கு இன்ஸ்பிரேஷன் எங்கேர்ந்து?" முடிக்கும்போது, "இதை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே?" முதல் கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால் மதிப்பெண் போகும். இரண்டாவதற்குப் பதில் சொன்னால் மதிப்பெண் போகும். இரண்டும் ஒரே கேள்விதான், கேட்பவரின் புருவம்தான் இடம் மாறுகிறது என்று சீனியர்கள் சொல்வதுண்டு. மூட் போர்டில், அதாவது வேலை தொடங்குமுன் யோசனைக்காகப் படங்கள் ஒட்டும் பலகையில், ஒட்டிய படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நல்லது. அந்த அழகு முடித்த வேலையில் தெரிந்துவிட்டால்தான் ஆபத்து.

இந்திய வடிவமைப்புக் கல்வியின் பிறப்பிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. இந்திய அரசின் அழைப்பில் நாட்டைச் சுற்றிப் பார்த்த அமெரிக்கத் தம்பதி சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1958இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதையொட்டி 1961இல் அகமதாபாதில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. அறிக்கையில் அவர்கள் விரிவாகப் புகழ்ந்த பொருள் லோட்டா, அதாவது நம் வீட்டுச் சொம்பு. அதைத் தனி ஒருவர் வடிவமைத்திருக்க முடியாது, தலைமுறை தலைமுறையாகப் பலர் கைபட்டு உருவானது என்பது அவர்கள் கருத்து. ஆக, ஆசிரியர் பெயர் இல்லாத ஒரு சொம்பை வணங்கித் தொடங்கிய கல்வி, அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு ஒவ்வொரு மாணவரையும் நிறுத்தி, "இதில் உன்னுடையது எது?" என்று கேட்கிறது. சொம்பை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

நூலகத்தில் தீராத இவ்வழக்கு, மந்தைவெளியில் தினமும் பால் பாக்கெட் வருவதற்குள் வாசலில் தீர்ந்துவிடுகிறது. எப்படித் தீர்கிறது என்பதே ஆய்வுப்பொருள்.

2. ஆய்வு எல்லை

ஆர்.கே. மடம் சாலைக்கும் பறக்கும் ரயில் பாதைக்கும் இடைப்பட்ட சில தெருக்கள் மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டன. வடக்கே மயிலாப்பூர் மாட வீதிகள் விலக்கப்பட்டன. ஜனவரியில் மயிலாப்பூர் திருவிழாவின்போது வடக்கு மாட வீதியில் கோலப் போட்டி நடக்கிறது. பரிசுக்குக் கோலம் போடுபவரிடம் "இது யாரைப் பார்த்துப் போட்டது?" என்று கேட்டு உண்மையை வாங்க முடியாது. தெற்கே ராஜா அண்ணாமலைபுரத்துப் பெரிய பங்களாக்களும் விலக்கப்பட்டன. அங்கே கோலத்தைப் பார்க்குமுன் வாட்ச்மேனைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆர்.கே. மடம் சாலையில் சுரங்க மெட்ரோ வேலைக்குத் தடுப்பு அடித்த பகுதிகளில் வாசலே ஒடுங்கிவிட்டதால், அங்குள்ள கோலங்கள் பக்கவாட்டில் இளைத்துக் காணப்படுகின்றன. இவை பொதுப்பணியால் வந்த மாற்றங்கள், படைப்பாற்றலால் வந்தவை அல்ல என்று தனியே குறிக்கப்பட்டன.

வண்ணப்பொடி ரங்கோலி சேர்க்கப்படவில்லை. கோடு கோணிப்போனால் மேலே ஒரு பிடி பச்சையைத் தூவி மயிலாக்கிவிடும் வசதி அதில் இருக்கிறது. தப்பை மறைக்க இடம் கொடுக்கும் கலை தடயவியலுக்கு உதவாது. ஆகவே வெள்ளைக் கோலமாவில் இடும் புள்ளிக் கோலமும் சிக்குக் கோலமுமே இங்கு ஆராயப்படுகின்றன.

3. ஆய்வு முறையும் இடர்களும்

விடியுமுன் நோட்டும் பென்சிலுமாகக் கிளம்பி வாசல் வாசலாகக் குனிந்து புள்ளி எண்ணுவதே முறை. இப்படி ஒருவர் நின்றால் மந்தைவெளி அவரை என்னவாகப் புரிந்துகொள்கிறது என்பது தனி ஆய்வுக்குரியது. ஒரு வீட்டார் மாநகராட்சி ஆள் என்று எண்ணி எரியாத தெருவிளக்கைக் காட்டினார். இன்னொருவர், வாக்காளர் பட்டியல் திருத்தம் என்று நினைத்து, கல்யாணமாகி கோயம்புத்தூர் போய்விட்ட மகளின் பெயரை எடுக்கச் சொன்னார். தெருநாய்கள் மட்டும் எந்தத் தப்பெண்ணமும் கொள்ளாமல் நேரடியாகக் குரைத்தன.

கைப்பேசியில் படம் எடுக்கும் யோசனை, "யாருக்கு அனுப்பப் போறே?" என்ற கேள்வி பல வாசல்களில் ஒரே குரலில் எழுந்ததால் கைவிடப்பட்டது. எனவே தரவுகள் அனைத்தும் பார்த்து வரையப்பட்டவை. பார்த்துப் போடுவதை ஆராயும் ஆய்வு, பார்த்துப் போட்டே நடத்தப்பட்டது என்ற முறையியல் ஆட்சேபத்தை ஆய்வாளர் அறிவார்.

ஒவ்வொரு வாசலிலும் மூன்று கேள்விகள் கேட்கப்பட்டன. எங்கே கற்றீர்கள்? யாரைப் பார்த்துப் போட்டீர்கள்? உங்களைப் பார்த்து யார் போட்டார்கள்? முதல் இரண்டுக்கும் பதில் ஒற்றை வரியில் முடிந்தது. மூன்றாவது கேள்விக்குப் பதில் முடிவதற்குள் காபி வந்து ஆறியது. சான்றுக்கு ஒன்று:

"நான் யாரையும் பார்த்துப் போடறவ இல்லேப்பா. எல்லாம் எங்க மாமியார் சொல்லிக்கொடுத்தது. எதிராத்துக்காரிதான் தினம் பால் வாங்கற சாக்குல வந்து ஒரு நோட்டம் விட்டுட்டுப் போவா."

எதிர்வீட்டில் விசாரித்தபோது: "மாமி போட்டிருக்காங்களே, அதுவா? அது போன வருஷம் நான் போட்டதுப்பா. அவங்களுக்கு ஞாபகம் இருக்காது."

இத்தகைய வாக்குமூலங்களிலிருந்து முதல் விதி பெறப்படுகிறது: கொடுத்த கடன் நெஞ்சில் நிற்கும், வாங்கிய கடன் வாசல் தெளிக்கும் தண்ணீரோடு போய்விடும்.

4. முன்னாய்வுகள்

கோலத்தைப் பேரறிஞர்கள் தொடாமல் விட்டுவிடவில்லை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர், மொழிகளின் அமைப்பை ஆராயக் கணினி அறிவியல் பயன்படுத்தும் இலக்கண விதிகளைக் கொண்டே கோலங்களை உண்டாக்க முடியும் என்று 1974இல் ஆய்விதழில் எழுதினார்கள். 1978இல் கலாக்ஷேத்ரா காலாண்டிதழில் கிஃப்ட் சிரோமணி தென்னிந்தியக் கோலங்களைப் பற்றி எழுதினார். அமெரிக்கக் கணித அறிஞர் மார்சியா ஆஷர் 2002இல் கோல மரபைப் பற்றிக் கட்டுரை எழுதி, வாசல் பெருக்குவதைக் கணிதத்தின் முன்வேலையாக உலகுக்கு அறிவித்தார்.

இதில் ஒரு கடன் கதையும் உண்டு. பாசி எப்படி உயிரணு உயிரணுவாக வளர்கிறது என்பதை எழுத்துகளால் விளக்க அரிஸ்டிட் லிண்டன்மேயர் என்ற உயிரியலாளர் 1968இல் ஒரு முறை கண்டுபிடித்தார். அந்த முறையைக் கணினிக்காரர்கள் கடன் வாங்கிப் பாம்புக் கோலத்தை வரைந்து காட்டினார்கள். பாசிக்கு வந்த இலக்கணம் வாசலுக்கும் பொருந்திவிட்டது. இதைப் பாசி ஆராய்ச்சியின் மேல் நடந்த திருட்டு என்று எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லவில்லை. மேற்கோள் என்றுதான் சொன்னது.

இவ்வளவு பேரும் கோலம் எப்படி வளர்கிறது என்று கேட்டார்கள். மந்தைவெளியில் முதலில் எழும் கேள்வியை, அதாவது "இது யாரோடது?" என்பதை, ஒருவரும் கேட்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்பவே இந்தச் சிறு முயற்சி.

5. வகைப்பாடு

13ஆம் நூற்றாண்டில் பவணந்தியார் செய்த நன்னூல், நூல்களை முதல், வழி, சார்பு என்று மூன்றாகப் பிரிக்கிறது. இந்தப் பிரிவை வாசலுக்கு இறக்கினால் தரவுகள் ஒழுங்காக வந்து உட்காருகின்றன.

முதற்கோலம்: யாரையும் பார்க்காமல் முதலில் இட்டது. இத்தகைய கோலம் ஆய்வெல்லைக்குள் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மாமி மாமியாரைக் காட்டுகிறார். மாமியார் கும்பகோணத்து அத்தையிடம் கற்றாராம். அத்தை எங்கே கற்றார் என்று கேட்டால், "அந்தக் காலத்துல யார் கேட்டா?" என்று விசாரணை முடிகிறது. இதில் வியப்பில்லை. முதனூல் செய்யும் தகுதி வினையின் நீங்கிய இறைவனுக்கே என்பது இலக்கணக்காரர்கள் கொள்கை. ஆனால் பாடத்திட்டத்தில் 'ஒரிஜினாலிட்டி'க்கு ஐந்தாம் பருவத்திலேயே மதிப்பெண் வைத்திருக்கிறார்கள்.

வழிக்கோலம்: புள்ளியும் இழையும் முன்னது போலவே இருக்க, ஓரத்தில் மட்டும் போடுபவர் விருப்பப்படி மாற்றம் பெறுவது. மூலையில் ஒரு விளக்கோ சங்கோ சேர்ந்துவிட்டால் இவ்வகை. மந்தைவெளியில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. கூடவே "இது வேற" என்ற பிரகடனமும் தவறாமல் காணப்படுகிறது.

சார்புக்கோலம்: புள்ளிக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு இழையை வேறு வழியில் விடுவது. இதைப் போடுபவர்கள் குறைவு. போட்டவர்களும் தாங்கள் என்ன செய்தோம் என்பதை அறியாமல், "தப்பா வந்துடுச்சு, அப்படியே விட்டுட்டேன்" என்கிறார்கள்.

பவணந்தியார் காணாத நான்காவது ஒன்றும் உண்டு. அது ஒட்டுக்கோலம், அதாவது பிளாஸ்டிக் ஸ்டிக்கர். இதைப் பற்றிப் பின்னர்.

முன்னோர் சொன்ன பொருளை மட்டுமல்ல, சில இடங்களில் அவர்கள் சொல்லையே எடுத்து ஆளலாம் என்றும் நன்னூல் அனுமதி தருகிறது. அப்படி ஆள்வதால் முன்னோரோடு உடன்பாடு தெரியும் என்பது காரணம். எடுத்தது தெரிவதே இங்கு மரியாதை என்பதைக் கவனிக்க.

6. கடன் செல்லும் வழிகள்

அ) நோட்டம். பால் வாங்கவோ பூ வாங்கவோ கோயிலுக்கோ போகிறபோது நடையின் வேகம் குறையாமல், தலை திரும்பாமல், கண் மட்டும் கீழிறங்கி எழுவது. நல்ல பழக்கம் உள்ளவர் ஒரு வாசலைக் கடப்பதற்குள் நடுவரிசைப் புள்ளியை எண்ணிவிடுவார். நின்று பார்ப்பது அநாகரிகம். நின்றுவிட்டால் "நல்லா இருக்கே" என்று சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டால் கடன் பதிவாகிவிடும்.

ஆ) கோல நோட்டு. பழைய டைரி, பிள்ளைகளின் மிச்ச நோட்டு, எல்.ஐ.சி. கொடுத்த காலண்டர் டைரி ஆகியவை இதற்கு உரியவை. ஆய்வாளர் பார்க்க அனுமதிக்கப்பட்ட ஒரு நோட்டில் கோடு போட்ட தாளில் பென்சில் புள்ளிகளும், மேலே நீல மையில் இழையும் இருந்தன. இழை போகும் திசையைச் சின்ன அம்புகள் காட்டின. ஒவ்வொன்றின் கீழும் "15 புள்ளி 8 வரை, ஊடுபுள்ளி" என்பது போன்ற கணக்கு. நடுவரிசை 15, இருபுறமும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8இல் நிற்கும். மொத்தம் 169 புள்ளி. கணக்குக்குப் பக்கத்தில் ஒரு பெயர்: "பெரியக்கா கோலம்", "டெல்லி மாமி", "மாடி வீட்டுப் பொண்ணு", "பத்திரிகை". வாயால் மறுத்ததையெல்லாம் கையெழுத்து ஒப்புக்கொண்டிருந்தது. யார் உண்டாக்கினார் என்பது இந்தப் பதிவில் இல்லை, யாரிடமிருந்து கைக்கு வந்தது என்பது மட்டும் இருக்கிறது. பல்கலைக்கழகங்கள் பக்கம் பக்கமாக விதி எழுதியும் கொண்டுவர முடியாத மேற்கோள் ஒழுக்கம், மளிகைக் கணக்கும் இருக்கிற அந்த நோட்டில் நிலைபெற்றிருந்தது.

இ) பத்திரிகை. மார்கழி இதழ்களும் கோலப் புத்தகங்களும் வாசகியரின் கோலங்களைத் தெருவுக்கு அப்பால் கொண்டுபோகின்றன. திருநெல்வேலிக் கோலம் மந்தைவெளிக்கு வந்தது இந்த வழியில்தான்.

ஈ) கூலிக்கை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பொது வாசலுக்குக் கோலம் போடுவதும் வீட்டுவேலை செய்யும் அக்காக்களின் மாதச் சம்பளத்தில் சேர்ந்துவிட்டது. ஒரே காலையில் பல வாசல்களுக்கு ஒரே கை. ஆய்வெல்லைக்குள் உண்மையாகவே தொழில்முறை வடிவமைப்பாளர் என்று சொல்லத்தக்கவர் இவரே. வாடிக்கையாளர், கெடு, இடத்தின் அளவு, "போன வாரம் போட்டதையே போடாதே" என்ற கருத்துரை, எல்லாம் இவருக்கு உண்டு. அப்படிப்பட்ட ஓர் அக்காவிடம் பெற்ற நேர்காணலிலிருந்து:

"பக்கத்து பக்கத்து வாசல்ல ஒரே கோலம் போடமாட்டேன் தம்பி. அந்த அம்மா கோச்சிக்கும்."

"அப்ப இந்த ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கேக்கா?"

"எங்க ஒண்ணு? அதுல இதழு அஞ்சு. இதுல ஆறு. நல்லா பாரு."

"யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

"எங்க ஆயா போடும். அது எங்க பாத்துச்சோ."

இரண்டாம் விதி: அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவே இருக்கிறது தொழில் தர்மம்.

உ) கைப்பேசி. குடும்பக் குழுவில் வரும் படமும் யூட்யூபில் ஓடும் கையும். இந்த வழியில் வரும் கடன் முன்னவற்றிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. காரணம் எட்டாம் பிரிவில்.

7. ஒரு தாமரையின் பயணம்

மார்கழி முதல் வாரம் ஒரு மாமியின் வாசலில் ஏழு புள்ளி, நான்கு வரை, ஊடுபுள்ளியில் ஒரு தாமரை மலர்ந்தது. ஏழு, இருபுறமும் ஆறு, ஐந்து, நான்கு. ஆக 37 புள்ளி. ஊடுபுள்ளி என்பதால் புள்ளிகள் தேனடை போல ஆறு பக்கமாக அமைய, தாமரைக்கு இயல்பாகவே ஆறு இதழ். தரை ஈரம் பதமாக இருந்தது. ஈரம் மிஞ்சினால் மாவு கரையும், காய்ந்தால் காற்று அள்ளிக்கொண்டு போகும். மாமியின் இழை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலிருந்து அறுபடாமல் இறங்கியிருந்தது.

எதிர்வீட்டு அம்மாள் வழக்கமான நோட்டத்தில் "ஏழு, நடுவில் தாமரை" என்பதைக் கொண்டுபோனார். ஊடுபுள்ளியா நேர்ப்புள்ளியா என்பது பால் பாக்கெட்டின் கனத்தில் விடுபட்டது. மறுநாள் அவர் ஏழிலிருந்து ஒன்று வரை நேர்ப்புள்ளி வைத்தார். ஏழு, ஐந்து, மூன்று, ஒன்று, மொத்தம் 25. தெருவைக் கடப்பதற்குள் 12 புள்ளி மறைந்துவிட்டது. நேர்ப்புள்ளி நாலு பக்கம்தான் தரும். ஆறு இதழை அதில் பொருத்த முடியாமல் தாமரை நான்கு இதழாகி, பக்கங்களில் நீண்டு, ஏறக்குறைய நட்சத்திரமானது. அந்த அம்மாள் இடுப்பில் கைவைத்துச் சற்றுநேரம் பார்த்துவிட்டு, அப்படியே விட்டார்.

அங்கிருந்து அதை அடுக்குமாடி வாசலுக்குக் கொண்டுபோனவர் மேலே சொன்ன அக்கா. அந்த வாசலில் பேவர் பிளாக் பதித்திருக்கிறது. புள்ளி வைத்தால் இடுக்கில் விழுந்து காணாமல் போகும். அக்கா கல்லின் இடுக்குகளையே கட்டமாக வைத்துக்கொண்டு, புள்ளியைக் கல்லின் நடுவில் வைத்தார். இதனால் நட்சத்திரம் இரண்டு மடங்கு பெருத்தது. மூலைகள் வெறிச்சென்று தெரிந்ததால் நான்கு விளக்குகள் வந்தன. விளக்குக்கும் நட்சத்திரத்துக்கும் உறவு வேண்டுமே என்று இரண்டு இழை ஓடியது.

அடுத்த வெள்ளிக்கிழமை, இந்த விளக்கு நட்சத்திரம், முதன்முதலில் தாமரை போட்ட அதே மாமியின் வாசலில் தென்பட்டது. விசாரித்தபோது மாமி, "புதுசா இருக்கு இல்லே? நானா யோசிச்சுப் போட்டேன்" என்றார். கடன் கொடுத்த பொருளே வட்டியோடு திரும்பி வந்திருக்க, கொடுத்தவர் அதை வரவில் எழுதாமல் சொந்தச் சம்பாத்தியத்தில் எழுதிக்கொண்டது பொருளாதார வரலாற்றில் அபூர்வம்.

8. மறதிக் கோட்பாடு

மேற்கண்ட பயணத்தில் யாராவது உட்கார்ந்து "புதிதாக ஒன்று செய்வோம்" என்று முடிவு செய்த கணம் எது? ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வாசலிலும் நடந்தது ஒன்றே: பார்த்ததில் ஒரு பகுதி மறந்தது, மறந்த இடத்தை வாசல் நிரப்பச் சொன்னது.

ஆனால் மறதி மட்டும் போதாது. மறதியால் கலைஞர் ஆகலாம் என்றால் ஆய்வாளரின் வகுப்பில் பலர் இந்நேரம் புகழ்பெற்றிருப்பார்கள். மறந்தவரைத் தப்பவிடாத காவல் ஒன்று வேண்டும். கோலத்தில் அந்தக் காவல் புள்ளி. சிக்குக் கோலத்தை எடுத்துக்கொள்வோம். இழை ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி வர வேண்டும். எந்தப் புள்ளியும் அநாதையாக நிற்கக் கூடாது. தொடங்கிய இடத்தில் வந்து சேர வேண்டும். ஒரே ஒரு வளைவைத் தப்பாக எடுத்தாலும், ஒரே கம்பியாக ஓட வேண்டியது இரண்டாகப் பிரிந்துவிடக்கூடும். அப்போது போடுபவருக்கு முன் இரண்டே வழி. அழித்துவிட்டு மறுபடி தண்ணீர் தெளிப்பது ஒன்று. பிரிந்ததை அழகாக்கும் இன்னொரு சுற்றை அங்கேயே கண்டுபிடிப்பது மற்றொன்று. மார்கழிக் குளிரில் மறுபடி தண்ணீர் தெளிக்க யாரும் விரும்புவதில்லை. எனவே கண்டுபிடிக்கிறார்கள்.

மூன்றாம் விதி: மறதியும் புள்ளியும் சேர்ந்தது படைப்பு. மறதி இல்லாமல் புள்ளி மட்டும் இருந்தால் நகல். புள்ளி இல்லாமல் மறதி மட்டும் இருந்தால் வெறும் தரை.

கைப்பேசிக் கடன் ஏன் வேறு என்பது இப்போது விளங்கும். படம் மறப்பதில்லை. எதிர்வீட்டு அம்மாளின் கையில் அன்று பால் பாக்கெட்டுக்குப் பதில் கேமரா இருந்திருந்தால், தெருவில் இரண்டு தாமரைகள் இருந்திருக்கும், நட்சத்திரம் பிறந்திருக்காது. வடிவமைப்பு மாணவர்களின் நிலையும் இதுவே. நோட்டம் விட்ட ஒவ்வொன்றையும் சேமித்து, கோப்பிட்டு, திரையின் இடது பக்கம் திறந்து வைத்துக்கொண்டு வலது பக்கம் வேலை செய்கிறோம். மறக்கக் கிடைத்த வாய்ப்பைத் தொழில்நுட்பம் பறித்துக்கொண்ட பின், "எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே" என்பதற்கு என்ன பதில் சொல்வது? பார்த்தது அங்கே, இடது பக்கத்திலேயே இருக்கிறது.

புள்ளியின் காவலுக்கு அதே மார்கழியில் சங்கீத சபாக்களிலும் சான்று உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) ஆங்கிலேயர் பாண்டு வாத்திய மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். நோட்டுஸ்வரம் எனப்படும் அவற்றில், இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டில் அமைந்தது "சந்ததம் பாஹிமாம்". மெட்டு மன்னருடையது, வாழ்த்து சியாமளா தேவிக்கு. மன்னர் தரப்பிலிருந்து ஆட்சேபம் வந்ததாகச் செய்தி இல்லை. மெட்டு அங்கே புள்ளி. அதைச் சுற்றி இழை எங்கே போகும் என்பதைத் தீட்சிதர் பார்த்துக்கொண்டார்.

9. சட்ட நிலை

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி வரைபடம் ஒரு கலைப்படைப்பு. அதில் கலைத்தரம் இருக்கிறதா என்று சட்டம் பார்ப்பதில்லை என்பது பல வாசல்களுக்கு ஆறுதல். உரிமை படைத்தவரின் ஆயுள் முழுவதும், மறைந்த பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். காலை ஐந்தரைக்குப் போட்டு, எட்டு மணிக்குள் ஸ்கூட்டர் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு அலுவலகம் போய்விடும் ஒரு பொருளுக்கு இத்தனை ஆண்டுக் காப்பு சற்று அதிகமே.

ஆனால் ஒரு நிபந்தனை. படைப்பு அசலாக இருக்க வேண்டும். "எல்லாம் எங்க மாமியார் சொல்லிக்கொடுத்தது" என்று பெருமையோடு கொடுத்த வாக்குமூலத்தாலேயே மாமியின் வழக்கு தள்ளுபடியாகிவிடும். மாமியார் பேரில் வழக்குப் போடலாம் என்றால், அதற்கு மாமியே சம்மதிக்கமாட்டார்.

ஸ்டிக்கர் கோலத்தின் நிலை வேறு. வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யத்தக்க ஒன்றைப் பதிவு செய்யாமல் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பொருளில் ஏற்றிவிட்டால் அதன் பதிப்புரிமை போய்விடும். பதிவு செய்தாலோ 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5. ஒரே கோலத்தை 50 தடவைக்கு மேல் போட்ட பாட்டிகள் மந்தைவெளியில் ஏராளம். அவர்கள் கை தொழிற்சாலை அல்ல என்பதால் தப்பித்தார்கள்.

10. எதிர்வாதங்கள்

அப்படியானால் கோலத்தில் திருட்டே கிடையாதா என்று கேட்கலாம். உண்டு. பாட்டியல் நூல்கள் பிறர் பாட்டைத் தன்னுடையது என்பவனைக் கள்ளக்கவி என்று தனியே ஒதுக்குகின்றன. எதிர்வீட்டுக் கோலத்தைப் படம் பிடித்து, ஓரத்தில் தன் பெயரைப் போட்டு, "இன்று எங்கள் வீட்டில்" என்று குடும்பக் குழுவில் அனுப்புவது இவ்வகை. பார்த்துப் போட்டவர் குனிந்து, இடுப்பு வலித்து, ஒரு வரிசையையாவது மறந்து, கடனைக் கையால் அடைக்கிறார். கள்ளக்கோலக்காரர் விரலால் மட்டும் அடைக்கிறார். வேறுபாடு உழைப்பில்தான் இருக்கிறது.

ஒட்டுக்கோலம் திருட்டாகாது. கடையில் பணம் கொடுத்து வாங்கியது. ஆனால் அதில் புள்ளியும் இல்லை, மறதியும் இல்லை, அழிவும் இல்லை. ஒருமுறை ஒட்டினால் நாலு பருவமும் ஒரே தாமரை. அடுத்தவர் நோட்டம் விட்டுக் கொண்டுபோக அதில் ஒன்றும் மிச்சமில்லை.

பார்த்துப் போடுவது திருட்டாவதில்லை என்பதற்கும், கோலம் பரவும் வேகத்துக்கும் பக்கத்துப் பேட்டையிலிருந்து ஒரு சான்று. 2019 டிசம்பர் 29 அன்று பெசன்ட் நகரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான வாசகங்களோடு கோலம் போட்டவர்களைக் காவல்துறை பிடித்துக்கொண்டுபோய்ப் பின்னர் விட்டது. மறுநாளே அரசியல் தலைவர்கள் வீட்டு வாசல்கள் உட்படப் பல இடங்களில் அதே கருத்து கோலமாக வந்தது. அந்தச் சமயத்தில் நாடு முழுதும் எழுந்த எத்தனையோ வாதங்களில், "என் கோலத்தைப் பார்த்துப் போட்டுவிட்டார்கள்" என்ற வாதம் மட்டும் எழவில்லை.

11. முடிவுகளும் பரிந்துரைகளும்

முடிவுகள் மேலே விதிகளாகத் தரப்பட்டுள்ளன. நடைமுறைக்கான பரிந்துரைகள் மட்டும் கீழே:

ஒன்று, வடிவமைப்புக் கல்லூரிகளில் மூட் போர்டை ஒட்டிய மறுநாளே மாணவரிடமிருந்து பிடுங்கிப் பூட்டி வைக்க வேண்டும். வேலை ஞாபகத்திலிருந்து செய்யப்பட வேண்டும். ஞாபகம் எங்கே தடுமாறுகிறதோ அந்த இடத்துக்கு மதிப்பெண் தரலாம்.

இரண்டு, "இன்ஸ்பிரேஷன்" என்ற பெட்டியில் அயல்நாட்டு மேதைகளின் பெயரை எழுதும் வழக்கத்தை விட்டு, கோல நோட்டு முறைப்படி உண்மையை எழுத வேண்டும்: "சீனியர் அக்கா", "பத்திரிகை", "பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் பை".

மூன்று, பார்த்துப் போடுபவர் ஒரு வரிசைப் புள்ளி கூட்டியோ குறைத்தோ போட வேண்டும். முடியாதவர் மூலையில் ஒரு விளக்காவது ஏற்ற வேண்டும். இதை மந்தைவெளியில் ஏற்கெனவே எல்லோரும் செய்கிறார்கள் என்பதால் அமல்படுத்துவதில் சிரமம் இருக்காது.

நான்கு, வாசலில் ஸ்டிக்கர் ஒட்டியவர்கள், அது உரிந்து விழும்வரை, அண்டை வீட்டுக் கோலத்தில் இழை கோணியிருக்கிறது என்று சொல்லும் உரிமையை இழப்பர். மேல்முறையீட்டை எதிர்வீட்டு அம்மாளிடம் செய்துகொள்ளலாம். பால் வாங்கப் போகும் நேரத்தில் மட்டும்.